அல்தோனாவின் பச்சைப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கறி தட்டுவது ஸெனோனின் வேலை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டுவான். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்து, பன்றியின் முதுகுக்கறியை விரல் கனத்துக்கு அறுத்துப் போட்டு, பல் வைத்த இரும்புச் சுத்தியலை எடுப்பான். அப்போது மணி பன்னிரண்டரை. போலந்தின் லுப்ளின் நகரத்து அந்த நாலு மாடிக் குடியிருப்பின் இருபத்து நாலு வீட்டிலும் அந்நேரத்துக்கு அதே சத்தம்தான். கறியை இலை மாதிரி மெலிதாக்கி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால்தான் அது ஞாயிறு. கறிக்கடையில் வெறும் கொக்கி தொங்குகிற வாரங்களில் வெறும் பலகையைத் தட்டுகிறவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைப்பாள் என்ற கவலைதான்.

கீழ்வீட்டு கெனோவெஃபா படிக்கட்டில் அல்தோனாவைப் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தி, மரியாதைக்கு ‘பானி’ சேர்த்துப் பேசுவாள். ஆண்களானால் ‘பான்’.

“குடுத்து வெச்சவங்க நீங்க, பானி அல்தோனா. எங்க வீட்டுல இருக்கற ஜடம் நாற்காலிய விட்டு எந்திரிக்காது. உங்க வீட்டுக்காரர் தட்டறத நான் கீழ இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். கைன்னா அது கை!”

“ஆமா, பானி கெனோவெஃபா. நல்ல கை” என்பாள் அல்தோனா.

நாலு துண்டு கறி தட்ட எட்டு நிமிடம் போதும். சில ஞாயிறுகளில் அந்த வீட்டிலிருந்து சத்தம் இருபது நிமிடம் வரும். மிச்சமிருந்த பன்னிரண்டு நிமிடத்தில் அடிபட்டது கறி அல்ல.

ஸெனோன் லாரி ஆலையில் மேற்பார்வையாளன். மாலையில் ஆலைச் சங்கத்தில் குத்துச்சண்டை பழக்குவான். எங்கே அடித்தால் கன்றிப்போகும், எங்கே அடித்தால் வெளியே தெரியாது, எந்த எலும்பு எத்தனை பலம் தாங்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஈரத்துண்டை முறுக்கிக் கையில் சுற்றிக்கொள்வான். முகத்தில் கை வைக்க மாட்டான். இருபது வருடத்தில் ஒரே ஒருதரம் காதில் அறைந்தான். அன்றிலிருந்து அல்தோனாவுக்கு இடது காது கேட்காது. அதற்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், வயிற்றில் இருந்தது ஐந்தாம் மாதத்தில் போயிற்று. அப்புறம் எதுவும் தங்கவில்லை. படியில் விழுந்துவிட்டேன் என்று மருத்துவமனையில் சொன்னாள். அங்கே அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்த வீட்டுப் படிக்குத்தான் எத்தனை பழி!

அல்தோனாவுக்கு வயது நாற்பத்து மூன்று. ஸாமோஷ்ச் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். ஆறு வயதில் ஜெர்மன்காரர்கள் ஊரைக் கொளுத்தியபோது, தொழுவத்துச் சுவரில் தந்தையின் தலையைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததை வைக்கோலுக்குள்ளிருந்து பார்த்தவள். சத்தம் போடாதிருந்ததால் பிழைத்தாள். பிழைக்க வைத்த பழக்கத்தை யாரும் சுலபத்தில் விடுவதில்லை. அவளும் விடவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தாள். அரசு அகராதி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஆங்கிலச் சொல்லுக்குப் போலிஷில் பொருள் எழுதுகிற வேலை. உள்ளங்கை அகலத் தாள்தான் அங்கே எல்லாம். இடது மூலையில் சொல், அதன் பக்கத்தில் பொருளின் எண், கீழே போலிஷ் சொல், அதற்கும் கீழே ஒரு உதாரண வாக்கியம். வலது மூலையில் எழுதினவள் கையொப்பம், எழுதின தேதி. பொருள் ஒன்றுக்கு ஒரு தாள். சனிக்கிழமை தோறும் தலைமைப் பதிப்பாசிரியர் அந்த வாரத்துத் தாள்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் அலுவலக முத்திரை குத்துவார். பிடிக்காத உதாரணத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்து வேறு கேட்பார். அடித்ததையும் எறியக் கூடாது. அது பச்சைப் பெட்டிக்குப் போகும்.

எழுபத்தெட்டு ஜனவரியில் அல்தோனாவிடம் ‘பீட்’ என்ற சொல் வந்து சேர்ந்தது. நண்டு மாதிரிச் சொல், எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரு கால் நீளும். முட்டையை நுரைக்க அடித்தால் ஆங்கிலேயன் ‘பீட்’ என்கிறான், போலிஷில் உபியாச். கம்பளத்தை முற்றத்துக் கம்பியில் போட்டுத் தூசி பறக்க அடித்தால் அதற்கும் ‘பீட்’, போலிஷில் ட்ஷெபாச். ஆட்டத்தில் எதிராளியைத் தோற்கடித்தால் பொகோனாச். போலீஸ்காரன் சுற்றி வருகிற தெருக்களுக்கும் அதே ‘பீட்’தான், அதற்குப் போலிஷில் வேறு சொல். ஆங்கிலத்துக்கு ஒன்று, போலிஷுக்குப் பன்னிரண்டு. இதயம், கோயில் மணி, பெண்டாட்டி, இந்த மூன்றுக்கு மட்டும் போலிஷிலும் ஒரே சொல்: பிச்.

ஒவ்வொன்றுக்கும் உதாரணம் வேண்டும். பிப்ரவரி ஐந்து, ஞாயிறு. மதியம் விலாவில் அடி விழுந்தது. சாயங்காலம் மூச்சை அரைகுறையாக இழுத்துக்கொண்டு, வீட்டுக்கு எடுத்துவந்த தாள்களோடு மேஜையில் உட்கார்ந்தவள், உதாரணம் யோசிக்கவே இல்லை. ‘அவன் அவளை ஈரத்துண்டால் அடித்தான்’ என்று எழுதி, மூலையில் தேதி போட்டாள்.

சனிக்கிழமை தலைமைப் பதிப்பாசிரியர் செவெரின் கூப்பிட்டார். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி.

“இது என்ன பானி அல்தோனா? பள்ளிக்கூடப் புள்ளைங்க படிக்கிற அகராதி. ‘பையன் முரசை அடிக்கிறான்’னு போடுங்க. எதுக்கு ஈரத்துண்டு?”

“சரிங்க பான் செவெரின்.”

“ஈரத்துண்டால யாராவது அடிப்பாங்களா? உங்க கற்பனை வரவர…”

அவள் பையனையும் முரசையும் போட்டாள். ஈரத்துண்டு முத்திரையோடு பச்சைப் பெட்டிக்குப் போனது. மார்ச்சில் இன்னொன்று போனது. ‘பீட்’ முடிந்து வேறு சொல்லுக்கு மாறியும், வெளியே தெரியாத ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு தாள் என்று அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். எதற்கு என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. வாயால் சொல்லாததை எங்காவது வைக்க வேண்டியிருந்தது. செவெரின் அலுத்துப்போய்ச் சிவப்புக் கோடு மட்டும் போட்டு, முத்திரை குத்தி, பெட்டியில் போட்டார்.

எழுபத்தொன்பதில் ஏப்ரல் பதின்மூன்று பெரிய வெள்ளி. சேசு சிலுவையில் செத்த நாள். அன்று ஊரில் நாய்கூட எலும்பைக் கடிக்காது. வானொலி போட மாட்டார்கள், கோயில் மணி அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆலை மட்டும் உண்டு. ஸெனோன் நாலு மணிக்கு வந்தான், வோட்கா வாடையோடு. முந்தின நாள் அவன் பழக்கிய பையன் மூன்றாம் சுற்றில் விழுந்துவிட்டான். சங்கத் தலைவர் எல்லார் முன்னாலும் ஸெனோனைக் கேலி செய்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்கா, சேசு உயிர்த்த பண்டிகை. அதற்கான கேக்குக்கு அல்தோனா பன்னிரண்டு முட்டையின் வெள்ளையை நுரைக்க அடித்துக்கொண்டிருந்தாள். மேஜை ஓரத்தில் இரண்டு தாள். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. போலிஷ் தெரியுமே.

“‘புருஷன் பெண்டாட்டியை அடிக்கிறான்.’” எழுத்துக் கூட்டுகிற பையனைப் போல வாசித்தான். “யாரு இந்தப் புருஷன்?”

“அகராதிக்கு.”

“அரசாங்க அகராதில என்னப் பத்தி எழுதறியா அல்தோனா?”

“உன்னப் பத்தி இல்ல. எல்லாருக்கும் பொது.”

“பொதுவா?” சிரித்தான். “அடிக்காட்டி பொம்பளைக்கு ஈரல் அழுகிப்போகும்னு எங்க அப்பன் சொல்லுவான். அதையும் எழுதிக்க.”

கிண்ணத்தைத் தட்டிவிட்டான். நுரை சுவரில் தெறித்து வழிந்தது. துண்டை நனைக்கக்கூட அன்று அவனுக்குப் பொறுமை இல்லை. ஆணியிலிருந்து கறிச் சுத்தியலை உருவினான். எழுதுகிற கை என்று வலது கையைப் பிடித்து, பலகைமேல் அழுத்தி வைத்து அடித்தான். முதல் அடியில் மணிக்கட்டு முறிகிற சத்தம் கேட்காத காதுக்கும் கேட்டது. இரண்டாவது அடி முழங்கைக்குக் கீழே. சுத்தியலின் பல் வரிசை வரிசையாகப் பதிந்து, ஒவ்வொரு புள்ளியிலும் ரத்தம் பொட்டு வைத்தது. அவள் கத்தவில்லை. ஆறு வயதிலேயே வைக்கோலுக்குள் மறந்துபோன சத்தம் அது. மேஜைக்கடியில் ஊர்ந்தவளைக் காலைப் பிடித்து இழுத்து முதுகில் போட்டான். கறி தட்டுகிற அதே தாளம், அதே இடைவெளி. ஓடு பாவிய தரையில் மண்டை இடித்தது. சுத்தியல் தவறித் தரையிலும் விழுந்தது. வீடே அதிர்ந்தது.

கீழே கெனோவெஃபா வெங்காயச் சருகில் பாஸ்கா முட்டைக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஊரே மூச்சடக்கியிருந்த நேரம். அவள் தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தாள். அப்புறம் அடுப்பைத் தணித்தாள்.

அன்று ராத்திரி, கட்டுப்போடும் முன்னாலேயே, அல்தோனா இடது கையால் ஒரு தாள் எழுதினாள். கோழி கிளறின மாதிரி எழுத்து. ‘அவன் அவளை இரும்புச் சுத்தியலால் அடித்தான்.’ மூலையில் பதின்மூன்று, நான்கு. மறுநாள் சனிக்கிழமை. மாவுக்கட்டோடு அலுவலகத்துக்குப் போய் செவெரின் முன்னால் வைத்தாள். அவர் எழுத்தைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். சிவப்புப் பென்சிலை எடுக்காமல் முத்திரையை மட்டும் குத்தினார். தலையை நிமிர்த்தவே இல்லை.

பாஸ்கா முடிந்த வாரம் அல்தோனா வக்கீல் ஒட்டிலியாவிடம் போனாள். வக்கீல் சிகரெட் புகைக்கிற பருத்த அம்மாள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

“விவாகரத்துக் கெடைச்சிரும். அது கஷ்டமில்ல. வீடுதான் சிக்கல். ரெண்டு ரூம் வீடு. அவன் பண்ணின அட்டூழியத்த நிரூபிச்சாத்தான் கோர்ட்டு அவனை வெளியேத்தும். இல்லேன்னா ஆளுக்கு ஒரு ரூம், சமையலறை பொது. ஊர்ல பாதி விவாகரத்து இப்படித்தான் குடும்பம் நடத்துது.”

“சமையலறை பொதுவா?”

“பொது. அதே அடுப்பு, அதே மேஜை.”

“அதே சுத்தியல்” என்றாள் அல்தோனா.

“சாட்சி யாரு?”

யாரும் இல்லை. மருத்துவமனையில் எல்லாம் படிக்கட்டுதான். போலீசுக்குப் போனதில்லை. அல்தோனா மாவுக்கட்டுக் கையை மேஜைமேல் தூக்கி வைத்தாள். பிறகு பச்சைப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். வக்கீல் சிகரெட்டை அணைத்தாள்.

செவெரின் முதலில் முடியாது என்றார். “அது அரசாங்கச் சொத்தும்மா. முத்திரை விழுந்தப்புறம் ஒரு துண்டுகூட வாசலைத் தாண்டக் கூடாது.”

“அப்ப நீங்களும் கூட வாங்க. பெட்டியோட.”

“நான் வந்து என்ன சொல்றது?”

“சனிக்கிழமை சனிக்கிழமை முத்திரை குத்தினேன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்.”

அக்டோபரில் வழக்கு வந்தது. நடுவில் நீதிபதி, இரண்டு பக்கமும் மக்கள் பிரதிநிதிகளாக இரண்டு துணை நீதிபதிகள். ஒருவர் ரயில்வே ஆள், தூங்கி வழிந்தார். இன்னொருவர் மிட்டாய் ஆலையில் பொதி கட்டுகிற அம்மாள், மடியில் கைப்பை, தலையில் பூப்போட்ட துணி. ஸெனோன் நீலக் கோட்டும் சங்கப் பதக்கமுமாக வந்திருந்தான். செவெரின் கயிறு கட்டின பச்சைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பிரசவ வார்டில் காத்திருக்கிற ஆண்மகன் மாதிரி வேர்த்துக்கொண்டிருந்தார். தேதி அன்றன்றைக்குப் போட்டதுதான், முத்திரை தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஸெனோனின் வக்கீல் ஏளனமாகச் சிரித்தார்.

“உதாரண வாக்கியத்துக்கெல்லாம் ஒரு மனுஷனை வீட்ட விட்டுத் துரத்தறதா? இதே அம்மா ‘பையன் முரசை அடிக்கிறான்’னும் எழுதியிருக்காங்க. அந்தப் பையனப் புடிச்சு உள்ள போடலாமா?”

மன்றம் சிரித்தது. ரயில்வே ஆள்கூட விழித்துக்கொண்டார். அல்தோனாவின் கண்ணுக்குப் பொது அடுப்பும் பொது மேஜையும் தெரிந்தன.

அடுத்து ஸெனோன் பக்கத்துச் சாட்சி. கெனோவெஃபா ஞாயிற்றுக்கிழமை உடையில், உதட்டுச் சாயத்தோடு ஏறினாள். ஸெனோன் அவள் மகனுக்கு ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்தவன். சங்கத்தில் அவனுக்குக் கிடைக்கிற கறியில் அவள் வீட்டுக்கும் ஒரு துண்டு போகும்.

“பான் ஸெனோன் தங்கமான மனுஷருங்க. பெண்டாட்டிக்குக் கறி தட்டிக் குடுக்கற புருஷனை எங்க பாத்திருக்கீங்க? அடியாவது, ஒதையாவது! நான் கீழ்வீடு. சுவர் காகிதம் மாதிரி. மேல ஊசி விழுந்தா எனக்குக் கேட்கும்.”

ஒட்டிலியா மெதுவாக எழுந்தாள். கையில் தாள்கள்.

“அப்ப தட்டற சத்தம் கேட்டிருக்கும்.”

“கேட்டிருக்கு. கறி தட்டற சத்தம்.”

“போன வருஷம் பிப்ரவரி அஞ்சு?”

“கறிதாங்க.”

“மார்ச் பன்னெண்டு?”

“கறி.”

“நவம்பர் பத்தொம்பது. இந்த வருஷம் ஜனவரி பதினாலு. மார்ச் பதினொண்ணு.”

“எத்தனை தேதி கேட்டாலும் கறிதாங்க வக்கீலம்மா. எனக்குக் காது நல்லா கேட்கும். அந்த வீட்டுல கறியத் தவிர வேற எதையும் தட்டினதில்ல.”

“ஏப்ரல் பதின்மூணு? சாயங்காலம் நாலு மணிக்கு மேல. வீட்டுல இருந்தீங்களா?”

“முட்டைக்குச் சாயம் போட்டுக்கிட்டிருந்தேன்.”

“சத்தம் கேட்டுச்சா?”

“ரொம்ப நேரம் கேட்டுச்சே. விளக்கே ஆடுச்சு. கறி தட்டினார்.”

ஒட்டிலியா மேற்கொண்டு கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள். நீதிபதி காகிதத்தைப் புரட்டினார். மிட்டாய் ஆலை அம்மாள்தான் கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“சாயம் போட்டீங்களா? பாஸ்கா முட்டைக்கா?”

“ஆமாங்க.”

“ஏப்ரல் பதின்மூணு பெரிய வெள்ளியில்ல?”

கெனோவெஃபா பழக்கத்தில் தலையாட்டிவிட்டாள்.

“நானும் லுப்ளின்காரிதான்மா” என்றாள் அந்த அம்மாள், கோபமே இல்லாமல். “சாமி இல்லேங்கற கட்சிக்காரன் வீட்டுலகூட அன்னிக்குக் கறிய மோந்து பாக்க மாட்டான். பெரிய வெள்ளி சாயங்காலம் நாலு மணிக்கு எந்த வீட்டுல கறி தட்டினாங்க? வெளக்கு ஆடற அளவுக்கு?”

மன்றத்தில் இந்தத் தரம் யாரும் சிரிக்கவில்லை. கெனோவெஃபா ஸெனோனைப் பார்த்தாள். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்திலிருந்து சிவப்பு ஏறி, உதட்டுச் சாயம் தெரியாமல் போகிற அளவுக்கு அவள் முகம் பழுத்தது.

“எனக்கு… அன்னிக்கு… கேட்டுச்சு” என்றாள்.

“என்ன கேட்டுச்சு?” என்றார் நீதிபதி.

“தட்டற சத்தம்.”

“எதைத் தட்டற சத்தம்?”

“கறி இல்லீங்க” என்றாள் கெனோவெஃபா. சொல்லிவிட்டு, மேலே என்னென்ன கேட்டது, எத்தனை அடி, தலை தரையில் இடித்தது எப்படி என்று எல்லாவற்றையும் கொட்டினாள். எண்ணிக்கைகூடச் சரியாக இருந்தது. முட்டையை எண்ணுவதுபோல அவள் அன்றைக்கு எண்ணியிருக்கிறாள்.

தீர்ப்பு வந்தது. ஸெனோன் முதல் பனிக்கு முன்னால் வெளியேறினான். போகிற அன்று சுத்தியலைத் தேடினான். அது சாட்சிப் பொருளாகக் கோர்ட்டு அலமாரியில் இருந்தது. குத்துச்சண்டைக் கையுறைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரில் காய்ந்து ஒட்டியிருந்த முட்டை நுரைக் கறையை ஒருதரம் உதைத்துவிட்டு இறங்கிப்போனான்.

நவம்பரின் இரண்டாவது ஞாயிறு. பன்னிரண்டரை. சுற்றி எல்லா வீட்டிலும் தட் தட் தொடங்கியது. அல்தோனா உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது, இடது கையால்தான். கதவு தட்டி, பதில் வருமுன்னே கெனோவெஃபா உள்ளே வந்தாள். கையில் துணி சுற்றின பொருள். மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். அவளுடைய கறிச் சுத்தியல்.

“வெச்சுக்கங்க. உங்ககிட்ட இல்லையே. எனக்கு இனிமே தட்ட மனசு வரல.”

அல்தோனா கிழங்கைத் திருப்பிப் பிடித்தாள்.

“கறிக் க்யூல நிக்க முடியல பானி அல்தோனா. ‘இன்னிக்கு என்ன கிழமை கெனோவெஃபா, கறி தட்டலாமா?’ன்னு கேக்கறாளுங்க. யாரு? மூணாம் மாடிக்காரி கேக்கறா. அவளுக்குக் கேட்கலையா அன்னிக்கு? உங்களுக்கு எதிர்வீட்டு வாத்தியார், அவர் வீட்டுல யாருக்கும் காது கெடையாதா?” நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “எம் புள்ளைக்கு வேலை போயிருமேன்னு இருந்தேன். ஒத்துக்கறேன். ஆனா நீங்களும்தான் ஒரு சத்தம் போடல. படியில பாத்தா ‘நல்ல கை’ன்னீங்க. ஒரு தரம், ஒரே ஒரு தரம் தரையக் குத்தியிருந்தீங்கன்னா…”

மேலே யாரோ தட்டுவதை நிறுத்தினார்கள். துருவியில் கிழங்கு உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நான் ஏறி வந்திருப்பேன்னு நெனைக்கறீங்களா, மாட்டேன்னு நெனைக்கறீங்களா? அத மட்டும் சொல்லுங்க. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.”

அல்தோனா கிழங்கின் கடைசித் துண்டை, விரல் நுனி துருவியில் படாதபடி, பார்த்துப் பார்த்துத் தேய்த்தாள். கெனோவெஃபா அவளுடைய கேட்கிற காதின் பக்கமாகச் சுற்றி வந்து நின்றாள். அதையே இன்னொரு தரம் கேட்டாள். அல்தோனா அடுத்த கிழங்கை எடுத்தாள். கெனோவெஃபா சுத்தியலைப் பழையபடி துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.